ப்யூஸில் சுற்றிய சில்வர் பேப்பர்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பழைய காரைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில்தான் வந்து நிற்கப் போகிறேன்.

என் பெரியப்பாவிடம் 1958ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். சென்ற ஆண்டு ஒரு மாலை நானும் அவருடன் போனேன். பின் சீட்டில் பேரன் இருந்தான். திடீரென்று ரப்பர் எரியும் வாடை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. பெரியப்பா ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டார். புகை நிற்கவில்லை. பையனை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து, டிக்கியிலிருந்து ஸ்பேனரைத் தேடி எடுத்துப் பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் நின்றது. அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

சாவியை எடுத்த பிறகும் ஏன் எரிந்தது? அந்தக் காரில் ஹாரனுக்குப் போகும் கரண்ட் சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரியிலிருந்து ஒரு ப்யூஸ் வழியாக நேராகப் போகிறது. ஹாரன் வயர் ஓர் இடத்தில் தகட்டில் உரசி, மேலுறை தேய்ந்து, பாடியைத் தொட்டிருக்கிறது. அப்போது ப்யூஸ் போயிருக்க வேண்டும். உண்மையில் அது பலமுறை போயும் இருக்கிறது. கடைசியாகப் பார்த்த மெக்கானிக், போன ப்யூஸின் மேல் சிகரெட் பெட்டியின் சில்வர் பேப்பரைச் சுற்றி மாட்டிவிட்டார். ஹாரன் அடித்தது. பெரியப்பாவும் சந்தோஷமாகக் காசு கொடுத்தார்.

ப்யூஸ் என்பது வேண்டுமென்றே மெலிதாக வைக்கப்பட்ட ஓர் இடம். எங்காவது ஒன்று எரிந்துதான் ஆக வேண்டுமென்றால் அது நான்கணாப் பொருளாக இருக்கட்டும் என்பதே அதன் தத்துவம். அதைப் பலமாக்கிவிட்டால், அடுத்து மெலிதாக இருப்பது வயர்தான். வயர் தனியாக எரியாது. கட்டுக் கட்டாக அதோடு போகும் மற்ற வயர்களையும் சேர்த்து எரிக்கும்.

12 வோல்ட்தானே?

"வெறும் 12 வோல்ட் சார், தொட்டால் கூட ஷாக் அடிக்காது" என்று சொல்வார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் தீப்பிடிப்பது வேறு கணக்கு.

வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கிறது. காரில் 12 வோல்ட்டில் எரியும் 60 வாட் ஹெட்லைட் 5 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டு ஹெட்லைட்டுக்கு 10 ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்குக் கரண்ட் கூடும். வயரைச் சுட வைப்பது கரண்ட்தான். முறுக்கி டேப் சுற்றிய ஒரு மோசமான ஒட்டில் 0.1 ஓம் தடை இருந்தால், 10 ஆம்பியர் போகும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் சுமார் 10 வாட் வெப்பம் உண்டாகும். சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவர்களுக்கு, ஒரு சின்ன இடத்தில் 10 வாட் என்றால் என்னவென்று தெரியும். பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆனாலோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மோரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் மொத்தமே இரண்டு ப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்கு ப்யூஸ் கிடையாது. அந்தக் கால லூகாஸ் கண்ணாடி ப்யூஸில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது உருகிப் போகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்று பல ப்யூஸ்களில் போடப்படும் எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று 35ஐ வாங்கி மாட்டினால், பாதுகாப்பு பாதியாகிவிடும்.

நிறம் ஒரு மொழி

புகை வந்த பிறகு டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தோம். ஒரிஜினல் வயர்களில் நிறத்துக்கு ஒரு பொருள் இருந்தது. பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு வருவது. பச்சை என்றால் சாவிக்கும் ப்யூஸுக்கும் பிறகு வருவது. கறுப்பு என்றால் எர்த். இதைத் தெரிந்தவர் எந்த ஊரில் அந்தக் காரைத் திறந்தாலும் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் பிறகு மாற்றப்பட்ட வயர்கள் எல்லாமே சிவப்பு. யாரோ ஒருவர் ஒரே ஒரு சுருள் வாங்கி வேலையை முடித்திருக்கிறார். 14 இடத்தில் முறுக்கி ஒட்டி டேப் சுற்றியிருந்தது. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி, சில இடங்களில் அவிழ்ந்து தொங்கியது. போதாததற்கு, மொபைல் சார்ஜ் செய்ய ஒரு சாக்கெட் வேறு வைத்திருந்தார்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் மைனஸ். அது தெரியாமல் மாட்டிய சாக்கெட்டில் பிளஸ், மைனஸ் தலைகீழாக வந்தது.

யார் குற்றம்?

மெக்கானிக்கைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் திட்டினேன். பெரியப்பாதான் நிறுத்தினார். "மறுநாள் கல்யாணத்துக்குப் போகணும், எப்படியாவது ஓட வச்சுக் கொடுப்பான்னு சொன்னது நான்தானேப்பா" என்றார். அவர் சொன்னது நியாயம். ஐந்து நிமிட வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ப்யூஸ் ஏன் போனது என்று இரண்டு மணி நேரம் தேடுகிறவருக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. "ஒரு வயருக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம்.

என் கருத்து இதுதான். பழுதை மறைத்துவிட்டுப் போவது ரிப்பேர் ஆகாது. செய்ததை எங்கும் எழுதி வைக்காமல் போவதும் முழு ரிப்பேர் ஆகாது. 60 வயதான காரைப் பத்துப் பேர் தொட்டிருப்பார்கள். பதினோராவது ஆள் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும்படி விடுவது பெரிய தவறு.

எழுதி வைக்கும் இந்த வேலைக்குத்தான் உங்கள் கம்ப்யூட்டர் உதவும். நாங்கள் ஒர்க்ஷாப் மேனுவலில் இருந்த வயரிங் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக பிரிண்ட் எடுத்தோம். எக்ஸெல்லில் ஓர் ஒர்க்ஷீட் திறந்தோம். வயரின் நிறம், எங்கிருந்து, எது வரை, எந்த ப்யூஸ், மாற்றிய தேதி, மாற்றியவர் என்று ஆறு காலம். மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அந்த பைலின் ஒரு பிரிண்ட் இன்று காரிலேயே இருக்கிறது. ஒரு காப்பி பென் டிரைவில் தனியாக இருக்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். அது பிளஸா மைனஸா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. எதைக் கழற்றும் முன்பும் மொபைலில் ஒரு படம் எடுங்கள்.

3. புது ப்யூஸும் உடனே போனால், அதைவிடப் பெரியதை மாட்டாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள்.

4. அதே நிறம், அதே தடிமன் உள்ள வயரையே போடுங்கள். வயர் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கட்டும்.

5. பவர் கூடிய ஹெட்லைட் பல்பு வேண்டுமென்றால் ரிலேயும் தனி ப்யூஸும் வைத்து மாட்டுங்கள். பழைய சுவிட்ச் அந்தக் கரண்ட்டைத் தாங்காது.

இனி மேஜைக்கு அடியில்

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, நான் யோக்கியனா? இல்லை. என் முதல் கம்ப்யூட்டரை வாங்கியபோது வீட்டில் 3 பின் பாயிண்ட் தூரத்தில் இருந்தது. 2 பின் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு ஓட்டினேன். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறும். "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்" என்று யாரோ சொன்னார்கள். நம்பினேன்.

அது அப்படியல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் பில்ட்டர் கெப்பாசிட்டர்கள் மிகச் சிறிய அளவு கரண்ட்டை எர்த் பின்னுக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் அது கேபினெட்டிலேயே நிற்கும். சுர்ரென்பது அதனால்தான். அந்த அளவோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே நிஜமான பழுது ஏற்பட்டு மெயின் கரண்ட்டே கேபினெட்டுக்கு வந்தால், அதைத் தடுக்க எதுவும் இல்லை. நான் செய்ததும் சில்வர் பேப்பர் வேலைதான்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து பாருங்கள். 3 பின் பிளக்கின் பெரிய பின் ஒடிக்கப்பட்டிருக்கிறதா? ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டர், பிரிண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் தொங்குகிறதா? எங்காவது டேப் சுற்றிய ஒட்டு இருக்கிறதா? இருந்தால் நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் அதற்கு உரிய காசைக் கொடுங்கள். என்ன மாற்றினார் என்பதைக் கேட்டு ஒரு பைலில் குறித்து வையுங்கள்.

மோரிஸ் மைனர் மறுபடி ஓடுகிறது. ஆனால் பேரன் இப்போதும் ஏறும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். அவனை நாங்கள் யாரும் கேலி செய்வதில்லை.