சொந்தம் என்றாலே சம்மதம் ஆகிவிடாது

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் முன் நின்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது என்பது சித்தூர்ச் சீமையின் நெடுநாள் வழக்கம். கடன் தகராறு முதல் குடியை விடுவது வரை அங்கே தீர்கிறது. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "கூடப்பிறந்தவளே கொடுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், அப்புறம் மனநல டாக்டர் எதற்கு?" என்று சிறுநீரக தானத்திலும் கேட்கிறோமே, அதை ஏற்கவே முடியாது.

நாலு பேர் முன்னால் சொல்வது சத்தியத்துக்கு வலு. சம்மதத்துக்கு அதுவே கேடு. டயாலிசிஸில் இருப்பவர் அண்ணன், கொடுக்க வந்தவள் தங்கை என்று வையுங்கள். சித்தூரிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவளுக்குத் தெலுங்கு மட்டுமே தெரியும். டாக்டர் கேட்பதை மொழிபெயர்ப்பவளும் அண்ணி, பதில் சொல்பவளும் அண்ணி. தங்கை வாயிலிருந்து வந்தது "சரே" என்ற ஒரே சொல். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதா?

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவினருக்கு நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. விசாரணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுயவிருப்பத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள். காரணம் இல்லாமலா? உயிரோடு உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். சிறுநீரக நோய்க்கான உலக அளவிலான கேடிகோ (KDIGO) அமைப்பின் 2017 வழிகாட்டுதலும், கொடுப்பவரின் மனநல மதிப்பீட்டின் ஒரு பகுதியாவது நோயாளியும் குடும்பத்தாரும் இல்லாமல் நடக்க வேண்டும் என்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டால்தான் சில பதில்கள் வரும். வேண்டாம் என்றால் புகுந்த வீட்டிலும் பிறந்த வீட்டிலும் உன்னை என்ன சொல்வார்கள்? வைத்த சிறுநீரகம் ஒரே மாதத்தில் கெட்டுப்போனால் தாங்குவாயா? நீ படுத்திருக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்கள்? பயந்து ஒத்துக்கொண்டவளை, காரணம் சொல்லாமல் "இவர் தானம் தர ஏற்றவர் அல்ல" என்று மட்டும் எழுதி டாக்டர் காப்பாற்றலாம். வீட்டில் பழி அவள்மேல் விழாது.

நோயாளி துடிக்கும்போது இதெல்லாம் தாமதம் என்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் காத்திருக்கிறவர்கள் ஒரு மணி நேரப் பேச்சுக்குக் காத்திருக்க முடியாதா? மனமாரக் கொடுப்பவர் இந்தக் கேள்விகளுக்கு அஞ்சமாட்டார். மருத்துவமனைகள் உறவினரை விலக்கி, தெலுங்கு தெரிந்த சொந்த ஊழியரை அவளருகில் உட்கார வைக்கட்டும். குடும்பத்தார் வெளியே காத்திருக்கட்டும். "மாட்டேன்" என்று சொல்ல வழியிருந்தும் சொல்லாமல் கொடுத்தால்தான் அது தானம்.