'புதியதையே போடுங்கள்' என்றால் போதுமா?

எமது வர்த்தகர்கள் பொருள் கொள்வனவு செய்வதில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். டைல்ஸ் கடைக்காரர் பெட்டியில் உள்ள ஷேட் இலக்கத்தைப் பார்க்காமல் சரக்கு இறக்க மாட்டார். பெயர் ஒன்றாக இருந்தாலும் இலக்கம் மாறினால் ஒரே தரையில் இரண்டு நிறம் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பாமசிக்காரர் பெட்ச் இலக்கமும் திகதியும் இல்லாத மருந்தைத் தொடவும் மாட்டார். ஆனால் அதே முதலாளிமார் கடைக்குக் கணினி போடும்போது மட்டும் "புதுசா உள்ளதையே போட்டுத் தாங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி விடுகிறார்கள். மென்பொருளுக்கும் பெட்ச் இலக்கம் உண்டு. அதனைப் பதிப்பு இலக்கம் என்கிறோம். அதையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே எனது வாதம்.

லினக்ஸ் இயங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதனால் சேர்வராகவும் பில் போடும் கணினியாகவும் அதனைப் பயன்படுத்தும் கடைகள் உண்டு. பத்துக் கணினிகளுக்கு ஒவ்வொன்றாக அமர்ந்து நிறுவுவது வீண் வேலை. ஆகவே, நிறுவும்போது கணினி கேட்கும் கேள்விகளுக்கான விடைகளையெல்லாம் தொழில் தெரிந்தவர் ஒரே கோப்பில் எழுதி வைத்து விடுவார். ரெட் ஹெட் வகையில் இதற்குக் 'கிக்ஸ்டார்ட்' என்று பெயர். டெபியன் வகையில் 'பிரிசீட்' என்பர். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, எந்தெந்த மென்பொருள் பொதிகள் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இயக்கிவிட்டால் மிச்சத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கோப்பில் பெரும்பாலும் பொதியின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும், பதிப்பு இலக்கம் இராது. இணையக் களஞ்சியத்தில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுவே இறங்கும். தலைமைக் கடைக்கு ஜனவரியிலும் கிளைக்கு ஜூனிலும் நிறுவினால், கோப்பு ஒன்றுதான், சரக்கு இரண்டு. லினக்ஸின் நிலையான வெளியீடுகளில் இந்த வேறுபாடு சிறிதாகவே இருக்கும். ஆனால் தரவுத்தளத்துக்கோ பிரின்டருக்கோ வெளிக் களஞ்சியம் ஒன்றையும் சேர்த்திருந்தால் வேறுபாடு பெரிதாகலாம்.

இது கடைக்கு எப்படி வந்து விடியும் என்பதற்கு வற் வரியையே பாருங்கள். 2022 ஜூனில் 8 சதவீதம் 12 ஆனது. அதே வருடம் செப்டெம்பரில் 15 ஆனது. 2024 ஜனவரியில் 18 ஆனது. வரி மாறும் ஒவ்வொரு தடவையும் பில் மென்பொருளில் கை வைக்க வேண்டும். எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு இருந்தால் ஒன்றில் சோதித்ததை மற்றவற்றிலும் நம்பிப் போடலாம். வெவ்வேறாக இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியதுதான்.

புதியதெல்லாம் நல்லது என்ற நம்பிக்கைக்கு 2024 மார்ச் மாதம் ஒரு பாடம் கிடைத்தது. 'எக்ஸ்இசட்' என்பது தரவுகளைச் சுருக்கும் சிறிய பொதி. அதன் பராமரிப்பில் ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைவதற்கான வழி அது. தமது கணினியில் உள்நுழைய அரை விநாடி அளவு தாமதமாவதைக் கவனித்துத் தேடிய அன்ட்ரெஸ் பிரொய்ன்ட் என்ற பொறியியலாளர் மார்ச் 29ஆம் திகதி அதனை அம்பலப்படுத்தினார். டெபியனின் நிலையான வெளியீட்டில் அப்போது இருந்தது பழைய 5.4.1. அதனைப் பாவித்தவர்கள் தப்பினார்கள். புதியதை உடனுக்குடன் இறக்கிய சோதனை வெளியீடுகளிலேயே அது புகுந்திருந்தது.

அப்படியானால் பழையதையே கட்டிப் பிடித்துக்கொண்டிருப்போமா? அதுவும் பிழை. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' எனும் ஓட்டை வெளியானது. ஓபன்எஸ்எஸ்எல் பொதியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் அது இருந்தது. 1.0.1ஜி பதிப்பில் அடைக்கப்பட்டது. பழையதை அப்படியே விட்டவர்களின் கதவு திறந்தே கிடந்தது. தம்மிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தவர் மட்டுமே அன்றைக்கே தமது நிலையை அறிந்துகொள்ள முடிந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இணையக் களஞ்சியம் எமது சொந்தக் கிட்டங்கி அல்ல. சென்ட்ஓஎஸ் 7 இன் ஆயுட்காலம் 2024 ஜூன் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பொதிகள் பழைய சரக்குக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டன. வழமையான முகவரியை நம்பி எழுதிய நிறுவல் கோப்புகள் அதன் பின்னர் வேலை செய்யவில்லை. டிஸ்க் பழுதாகி மறுபடி நிறுவ வேண்டிய நாளில் இது தெரியவந்தால் கடை வியாபாரம் என்னாவது?

எனவே கணினி வேலை கொடுக்கும்போது நான்கு விடயங்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, ஒவ்வொரு கணினியிலும் உள்ள பொதிகளின் பெயரும் பதிப்பு இலக்கமும் அடங்கிய பட்டியல். ஒரே கட்டளையில் எடுக்கக்கூடியது இது. அச்சிட்டுக் கணக்குப் புத்தகத்தோடு வையுங்கள்.

இரண்டாவது, சோதித்துப் பார்த்த பொதிகளின் முழுப் பிரதி, உங்கள் சொந்த டிஸ்க்கில். நிறுவல் கோப்பு இணையத்தைப் பார்க்காமல் அந்தப் பிரதியைப் பார்க்க வேண்டும். இணையச் செலவும் மிச்சமாகும்.

மூன்றாவது, தரவுத்தளம் போன்ற முக்கிய பொதிகள் தாமாக மாறாதபடி பூட்டி வைப்பது. ஏன் பூட்டினோம், எப்போது மீளப் பார்ப்போம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, மாதம் ஒரு தடவை பாதுகாப்புத் திருத்தங்கள். முதலில் ஒரு கணினியில் போட்டுச் சில நாட்கள் வியாபாரம் செய்து பார்த்த பின்னரே மற்றவற்றுக்குப் போட வேண்டும். அவசரத் திருத்தம் என்றால் அந்தச் சோதனையை ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலதிகக் கூலி கேட்பார்கள். கேட்பது நியாயம், கொடுத்துவிடுங்கள். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதனைப் பராமரிக்கும் உழைப்பையும் இலவசமாக எதிர்பார்ப்பது முறையல்ல. கணினி போட்டுத் தந்த தம்பி நாளை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விடலாம். பட்டியலும் பிரதியும் நிறுவல் கோப்பும் உங்கள் லாச்சியில் இருந்தால், அடுத்து வருபவர் அதே கணினியை அதே விதமாக அமைத்துத் தருவார். இல்லாவிட்டால் அவருக்கும் முதலிலிருந்து காசு கொடுக்க வேண்டும், அதுவரை பில் புத்தகத்தில் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.