பம்பரும் போனஸும்

வாகனக் காப்பீடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சின்ன உரசலுக்கும் உடனே கிளெய்ம் போடச் சொல்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

போன மாதம் மதுரை பைபாஸ் ரோட்டில் சிக்னலுக்கு நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்தது. இறங்கி வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "நீங்கதானே சார் ரிவர்ஸ் எடுத்தீங்க?" எனக்கு வார்த்தையே வரவில்லை. சுற்றிலும் ஹாரன் சத்தம். போக்குவரத்துக் காவலர் "ஓரமா எடுங்க" என்று விரட்ட, எடுத்துவிட்டேன். அதோடு, கார்கள் நின்ற நிலை என்ற என் சாட்சியும் போயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் போட்ட எஸ்டிமேட் 9,200 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் விலையில் பாதி தேய்மானமாகக் கழியும். கிளெய்மில் கட்டாயமாக என் கையிலிருந்து போகும் 1,000 ரூபாய் தனி. பெயின்ட் கணக்கும் போனால் கிடைப்பது ஐயாயிரத்துக்குள்தான். இதற்காக, நான்கு வருடம் கிளெய்மே போடாமல் சேர்த்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸைப் பறிகொடுக்க வேண்டும். அடுத்த பிரீமியத்தில் மட்டுமே அதன் மதிப்பு எனக்கு 5,400 ரூபாய். பேசாமல் கைக்காசைக் கொடுத்துச் சரிசெய்தேன்.

யார் மீது தவறு என்ற தகராறு வராமலிருக்க, இரு ஓட்டுநர்களும் இடித்த இடத்திலேயே நிரப்பிக் கையெழுத்திட ஒரு பக்கப் படிவத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியோடு தமிழில் தரலாம். காவலர்களும் வண்டிகளை நகர்த்தச் சொல்லுமுன், நம்பர் பிளேட்டும் சாலைக் கோடும் தெரிய நாலு போட்டோ எடுக்க இரண்டு நிமிடம் விடட்டும்.

– ஒரு வாசகர், மதுரை