மூன்றே நாளில் ஒரு சட்டம்!

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டம். நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு சட்டம் கொண்டுவந்திருப்பதை விளக்கிக்கொண்டிருந்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த மூதாட்டி ஒருவர் இடைமறித்தார்: "ஏன் தோழர், இருபது வருஷமா இருந்த சட்டத்த எடுக்குறாங்களே, எங்கள ஒரு வார்த்த கேட்டாங்களா? டில்லியில அப்படி எப்படித்தான் சட்டம் போடுறாங்க?"

நியாயமான கேள்வி. ஆலைத் தோழர்களுக்கும் இதே கேள்வி உண்டு. ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே சொல்லுவோம்.

சர்க்கார் எழுதிக் கொண்டுவரும் நகலுக்கு மசோதா என்று பெயர். மந்திரி அதைப் பாராளுமன்றத்தில் தாக்கல் செய்கிறார். அதன் அடிப்படை நோக்கத்தின் மீது விவாதம் நடக்கிறது. பிறகு ஷரத்து ஷரத்தாக எடுத்து, உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்களையும் ஓட்டுக்கு விட்டு, கடைசியில் முழு மசோதாவையும் ஓட்டுக்கு விட வேண்டும். மக்களவையில் நிறைவேறியது மாநிலங்களவையிலும் நிறைவேறி, ஜனாதிபதி ஒப்புதல் தந்தால் அது சட்டம்.

இதற்கு நடுவே ஒரு படி இருக்கிறது. மசோதாவைக் கமிட்டிக்கு அனுப்பலாம். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் உட்காரும் கமிட்டி அது. அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். வெளியிலிருந்து சங்கங்களும் மகஜர் கொடுக்கலாம். நம்முடைய குரல் உள்ளே பாய இருக்கிற மடை அதுதான். ஆனால் அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சூட்சுமம் இங்கேதான்!

நூறு நாள் வேலை மசோதா 2004 டிசம்பரில் தாக்கல் ஆயிற்று. அந்தக் காங்கிரஸ் சர்க்கார் தொழிலாளி வர்க்கத்தின் நண்பன் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. சுமார் 60 இடதுசாரி உறுப்பினர்களின் ஆதரவை நம்பி நின்ற சர்க்கார் அது. முதல் நகலில் வேலை உரிமை ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். யார் ஏழை? சர்க்கார் வைத்திருக்கும் பட்டியல்தான் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலின் லட்சணத்தை நாம் விளக்க வேண்டுமா? குடிசையில் இருப்பவன் பெயர் விட்டுப்போகும், மாடி வீட்டுக்காரன் பெயர் ஏறியிருக்கும். மசோதா கிராம வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்குப் போயிற்று. வெளியே இயக்கங்கள் போராடின, உள்ளே இடதுசாரிகள் வாதாடினார்கள். எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டில் நிறைவேறியபோது அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. கிராமத்துக் குடும்பம் எதுவானாலும் வேலை கேட்கலாம் என்று ஆயிற்று. 2006 பிப்ரவரி 2-ல் முதல் 200 ஜில்லாக்களில் திட்டம் தொடங்கியபோது நம்முடைய நாகப்பட்டினமும் அதில் ஒன்று.

அந்தச் சட்டத்தை எடுக்க எத்தனை நாள் ஆயிற்று? 2025 டிசம்பர் 16-ல் புதிய மசோதா தாக்கல். 18-ல் மக்களவையில் நிறைவேறியது. அன்று நள்ளிரவு தாண்டி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 21-ல் ஜனாதிபதி ஒப்புதல். கமிட்டிக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, சர்க்கார் மறுத்தது. பாதி ராத்திரி வரை பேச விட்டார்களே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பேச விட்டார்கள், உண்மைதான். பேச்சைக் கேட்டு மசோதாவைத் திருத்த அவகாசம் எங்கே வைத்தார்கள்?

இரண்டு சபையிலும் குரல் ஓட்டு. ஆதரிப்போர் 'ஆம்' என்று கத்த வேண்டும், எதிர்ப்போர் 'இல்லை' என்று கத்த வேண்டும்; எந்தச் சத்தம் பெரிது என்று தலைவர் சொல்லுவார். எல்லோரும் இசைந்த விஷயத்துக்கு இது போதும், குறை சொல்ல மாட்டோம். தகராறு இருந்தால் உறுப்பினர்கள் கேட்டவுடன் தலையை எண்ண வேண்டும். 2020 செப்டம்பர் 20-ல் விவசாயச் சட்டங்களில் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தபோது, எண்ணச் சொல்லிக் கேட்டும் எண்ணவில்லை. மறுநாள் 8 உறுப்பினர்களைச் சஸ்பெண்டு செய்தார்கள். அதே வாரத்தில், எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்து வெளியே நின்றபோது, ஆலைத் தொழிலாளியைக் கட்டும் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நிறைவேறின. விவசாயச் சட்டங்கள் 2021 நவம்பர் 29-ல் ரத்தாயின, விவாதமே இல்லாமல், சில நிமிஷங்களில்! டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்த பிறகு நடந்தது அது.

"நூறு நாள் போய் 125 நாள் ஆகியிருக்கிறதே, லாபந்தானே?" என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். முன்பு கூலிப் பணம் முழுவதும் மத்திய சர்க்கார் கொடுத்தது. புதிய சட்டப்படி நூற்றுக்கு 40 நம் மாநிலத்தின் தலையில். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டில்லி அளந்து கொடுக்கும். அதற்கு மேல் ஆனால் மாநிலம் தன் கையிலிருந்து போட வேண்டும். பணமில்லாத 125-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் இந்த வேலை கிடையாது. மிராசுதாருக்கு ஆள் கிடைக்க வேண்டுமாம்! இந்த ஷரத்தை எழுதியவர் தஞ்சைக்கு வந்து பார்த்ததில்லை போலும். இங்கே அறுப்பு மிஷின் இறங்கி எத்தனை வருஷமாயிற்று? ஆள் கொண்டு பத்து நாள் அறுத்த நிலத்தை மிஷின் ஒரு பொழுதில் அறுத்துவிட்டுப் போகிறது. நடவுக்கும் மிஷின் வந்துவிட்டது. அந்த 60 நாளும் வயலிலும் வேலை இல்லை, சர்க்காரிடமும் வேலை இல்லை என்றால், கொடுக்கிற கூலிக்குக் கைகட்டி நிற்க வேண்டியதுதான். கமிட்டியில் நம்மூர்ப் பெண் தொழிலாளி ஒருவரை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

எந்த 60 நாள் என்று அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் மாநில சர்க்காரிடம் விட்டிருக்கிறது. ஜில்லாவுக்கு ஜில்லா, ஒன்றியத்துக்கு ஒன்றியம் வேறு வேறாகவும் அறிவிக்கலாம். குறுவையில் எத்தனை நாள் கைநடவு நடக்கிறது, சம்பாவில் எத்தனை நாள், தாளடியில் எத்தனை நாள், மிஷின் இறங்கும் நாள் எவை என்று ஒவ்வொரு கிளைச் சங்கமும் எழுதிக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கைக் கிராமசபையில் தீர்மானமாக வைத்து, நகலைக் கலெக்டருக்கும் நம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். அந்த மூதாட்டியின் ஊரில் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.