அந்த ஒரு எண் எங்கிருந்து வருகிறது?

நம் தலைமுறைக்கு இது எழுதப்படாத கடமை. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதத்தைப் படிக்கிற அதே கையோடு, அப்பா அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் அவர்களுக்கே அத்துப்படி. தடுமாறுவது ‘இ.ஜி.எஃப்.ஆர்’ என்ற வரியில்தான். என் அப்பாவுக்கு அது 58 என்று வந்தபோது, “அப்போ பாதி கிட்னி போயிடுச்சாம்மா?” என்று கேட்டார்.

அப்படியில்லை. அது சதவீதமே அல்ல. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்பதற்கான மதிப்பீடு. நேராக அளந்ததும் அல்ல. ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை ஒரு சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் விடை.

அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் பெயர் ஆண்ட்ரூ லீவி. பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர். 1999ல் அவருடைய குழு 1,628 நோயாளிகளின் தகவலை வைத்து ஒரு சூத்திரத்தை வெளியிட்டது. 2002ல் அவர் தலைமையில் வந்த அமெரிக்க வழிகாட்டி, நாள்பட்ட சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. இன்று டாக்டர் ‘ஸ்டேஜ் 3’ என்று சொல்கிறாரே, அது அங்கிருந்து வந்ததுதான். ஒரு ஆய்வாளரின் கட்டுரை உலகத்து லேப் ரிப்போர்ட்டுகளில் ஒரு வரியாகவே மாறிவிடுவது அபூர்வம்.

ஆனால் அந்த 1,628 பேர் யார்? பெரும்பாலும் வெள்ளையர்கள், கொஞ்சம் கறுப்பர்கள். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள்! 2009ல் அதே குழு 8,254 பேரின் தகவலோடு இன்னும் துல்லியமான சூத்திரத்தைக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு சிக்கல் தொடர்ந்தது: நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. ரத்தத்தில் அளவு ஒன்றாகவே இருந்தாலும், காகிதத்தில் அவர் சிறுநீரகம் 16 சதவீதம் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் டயாலிசிஸுக்கு முன்பே மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் எண்ணப்பட வேண்டுமென்றால், இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் பலருக்கு வரிசையில் இடம் தாமதமானது.

2021ல் லெஸ்லி இன்கரும் லீவியும் சக ஆய்வாளர்களும் இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். 2023ல் அமெரிக்க உறுப்பு மாற்று அமைப்பு, பாதிக்கப்பட்ட கறுப்பர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரும்படி மருத்துவமனைகளுக்குச் சொன்னது. ஒரு ஆய்வின் செல்வாக்கை எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று மட்டும் எண்ணிப் பயனில்லை. அதைத் திருத்தும்போது எத்தனை பேர் வாழ்க்கை மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நமக்கு இதில் என்ன? ஒருமுறை 60க்குக் கீழே வந்தால் அலற வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர். அதே சமயம் 60க்கு மேலே என்றால் நிம்மதி என்றும் இல்லை. சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்ற பரிசோதனையும் வேண்டும், முக்கியமாகச் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. அதனால் ஒல்லியான, சைவம் மட்டும் சாப்பிடுகிற பாட்டிக்கு எண் உண்மையைவிட நன்றாகத் தெரியலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் ‘சிஸ்டாட்டின் சி’ பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும் முன் ‘எந்தச் சூத்திரம்?’ என்றும் கேளுங்கள்; நாட்டுக்கு நாடு அது மாறும். நான் அப்பாவின் எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். தனியாக நிற்கும் ஒரு எண்ணைவிட, அது போகும் திசைதான் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். இது பெரியவர்களுக்கானது. குழந்தைகளுக்கு உயரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரம் தனியாக இருக்கிறது.