முடி போனால் மானம் போகாது



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. "பொண்ணு பாக்கப் போற இடத்துல எல்லாம் தலையைத்தான் சார் பாக்காங்க. கடன் வாங்கியாவது முடி நடப் போறேன்" என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன், புழுவெட்டு வந்த ஒரு பையனை வகுப்பே 'சொட்டை' என்று கூப்பிட்டது. கண்டிக்க வேண்டிய நானும் சிரித்தேன். புழுவெட்டில் புழு எதுவும் கிடையாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. அது தெரியாமல் சிரித்தேன். அந்தப் பையன் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

முடி கொட்டுவதற்குக் காரணம் ஒன்றல்ல. தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஆண்களுக்கு நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரை. அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். போர் தண்ணீரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும், டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் கொட்டும். என் தங்கை பேத்திக்கு ஒரு வருஷம் எண்ணெய் மாற்றி மாற்றித் தேய்த்தார்கள். கடைசியில் ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8! முடி கொட்டியது ஒரு எச்சரிக்கை. அதை நாம்தான் எண்ணெய் போட்டு மறைத்தோம்.

மருந்து இல்லாமல் இல்லை. மினாக்ஸிடில் லோஷன் பலருக்குப் பலன் தரும். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

முடி நடுவதும் ஆபரேஷன்தான். 2016 மே மாதம் சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படித்த ஒரு மாணவர், முடி நடப் போன இடத்தில் உடல்நிலை மோசமாகி இறந்துபோனார். டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி. பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துப் பழகுவது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், ஊசி போடுபவர் யார், கத்தி பிடிப்பவர் யார் என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். இதில் கூச்சம் எதற்கு?

நம்ம ஊர் அம்மன் பெயரே ஒப்பனையம்மாள். அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் நேர்ந்துகொண்டு மொட்டை போட்டால் பக்தி, தானாக முடி போனால் கேலியா? இந்தக் கேலிதான் பிள்ளைகளைப் போலி வைத்தியர்களிடம் தள்ளிவிடுகிறது. பெண் வீட்டார்களே, மாப்பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். மாணவர்களே, உங்கள் பிள்ளைகள் யாரையாவது 'சொட்டை' என்றால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

தொப்பி போட்ட தம்பி, பணம் கட்டுமுன் எனக்கு ஒரு போன் போடு. டாக்டரிடம் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
கரிவலம்வந்தநல்லூர்.