நின்ற கோலத்தின் சங்கடம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் குடிகொண்டிருக்கும் அனந்தபத்மநாபருக்கு விழுந்துவிடும் கவலை கிடையாது. 18 அடி நீளத்துக்குப் பாம்பணையில் படுத்திருக்கிறார். மூன்று வாசல்கள் வழியாகப் பார்த்தால்தான் முழு உருவமும் தெரியும். பெருமாளின் திருமேனிகளை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று வைணவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டால் அவரும் இதே வரிசையைத்தான் சொல்வார்: கவிழும் ஆபத்து அதிகமானது முதலில், ஆபத்தே இல்லாதது கடைசியில்.

கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத் தெருக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் புரட்டாசி பிறந்ததும் உறைக்கத் தொடங்கும். பரணிலிருந்து கொலுப் பெட்டிகள் இறங்குகின்றன. மளிகைக் கடையைப் பரப்பிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் செட்டிச்சியும் எங்கு வைத்தாலும் வைத்த இடத்தில் இருப்பார்கள். தொல்லை கொடுப்பவர்கள் தெய்வங்கள்தான். உயரமான கிரீடம், நீட்டிய கைகள், சிறிய பீடம். போதாக்குறைக்கு, மரபு அவர்களை மேல்படியில் ஏற்றி வைக்கிறது. விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள பொம்மை, அதிக உயரத்திலிருந்து விழ வேண்டிய இடத்தில் நிற்கிறது.

விழுந்தால் நஷ்டம் காசோடு போவதில்லை. பின்னமான பொம்மையைப் பலர் கொலுவில் வைப்பதில்லை. அபசகுனம் என்று கருதும் வீடுகளில் அந்த வருடத்துப் பண்டிகையே களை இழந்துவிடும். பாட்டி வீட்டுச் சீதனமாக வந்த மண் பொம்மை என்றால், அதை வார்த்த அச்சே இன்று இருக்காது. கடைக்குப் போய் அதே போல இன்னொன்று கேட்க முடியாது.

ஒரு பொம்மை நிற்பதும் விழுவதும் ஒரே விதியில் அடங்கியிருக்கிறது. அதன் எடை மையத்திலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால், நூலின் முனை பீடத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் பொம்மையும் போய்விடும். ஒரு அடி உயரம், 300 கிராம் எடையுள்ள காகிதக்கூழ் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பீடத்தின் அகலம் 10 செ.மீ., எடை மையம் 15 செ.மீ. உயரத்தில். இது 18 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். அதே பொம்மையை 20 செ.மீ. அகலப் பலகையில் ஒட்டிவிட்டால் 34 டிகிரி வரை தாங்கும். அல்லது உள்கூட்டில் அடிப்பக்கமாக முக்கால் கிலோ மணலை நிரப்பினால் எடை மையம் சுமார் 6 செ.மீ. உயரத்துக்கு இறங்கி, 40 டிகிரி வரை தாங்கும். பீடத்தை அகலமாக்கு, அல்லது பாரத்தைக் கீழே இறக்கு. மூன்றாவது வழி, படியோடு கட்டிப் போடுவது.

கைவினைஞர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல. 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் ராஜாவும் ராணியும் எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருவதற்குக் காரணம், உருண்டையான அடியில் இருக்கும் களிமண் கனமும் மேலே இருக்கும் லேசான காகிதக்கூழும்தான். கால் மாற்றிப் போட்டுக் குழலூதும் கண்ணனுக்குப் பின்னால் பசு நிற்பது பக்திக்கு மட்டுமல்ல, முட்டுக்கும்தான். வெண்கலத்தில் இருந்த கிரேக்கச் சிலைகளைச் சலவைக்கல்லில் நகலெடுத்த ரோமானியர்கள், காலோரம் ஒரு மரத்தடியைச் செதுக்கியதும் இதே காரணத்துக்காக. முருகனின் மயில் தோகை பீடம் வரை இறங்கினால் அது மூன்றாவது காலாகிவிடுகிறது. சஞ்சீவி மலையோடு பறக்கும் அனுமாருக்கு அடியில் ஒரு மேகமோ பாறையோ வந்துவிடுகிறது. பறப்பவருக்கும் தரையில் ஒரு பிடிமானம் வேண்டும்.

ஒற்றைக் காலில் நிற்கும் நடராஜர் இந்த வித்தையின் உச்சம். முயலகன் மீது ஊன்றிய வலது காலுக்கு மேலே உடலின் பாரம் அமைந்திருக்க, கீழே கனமான பத்ம பீடம். 2023ஆம் ஆண்டு ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்தப்பட்ட சுவாமிமலை நடராஜருக்கு உயரம் சுமார் 27 அடி, எடை சுமார் 18 டன். வீதியுலா போகும் உற்சவர்கள் மூன்றாவது வழியை நம்புகிறார்கள். செப்புத் திருமேனிகளின் பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் அழகுக்காக வந்தவை அல்ல. கம்பு செருகவும் வாகனத்தோடு கயிற்றால் கட்டவும் வந்தவை.

மேல்நாடுகளில் இதே கவலையோடு வேறொரு கூட்டம் இருக்கிறது. எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். அந்த வழியில் வந்த மேஜை விளையாட்டுகளில் இன்று விரலளவு வீரர்களும் இறக்கை விரித்த டிராகன்களும் மோதுகின்றன. டிராகன் பறப்பதாகக் காட்ட, கண்ணாடி போன்ற அக்ரிலிக் குச்சியின் மேல் நிறுத்துகிறார்கள். உலோகம் போய் பிளாஸ்டிக் வந்ததும் வீரர்கள் இலேசானார்கள், விழுவதும் சுலபமானது. பரிகாரமாக அடித்தட்டின் கீழ் இரும்பு வாஷர் அல்லது நாணயத்தை ஒட்டுகிறார்கள். காலில் துளையிட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகித் தட்டோடு பிணைக்கிறார்கள். சிலர் அடியில் காந்தம் ஒட்டி, தகரத் தட்டில் நிறுத்துகிறார்கள்.

இந்தக் கடைசி யோசனை கொலு வீட்டுக்கு அப்படியே பொருந்தும். மரப்பலகையும் டிரங்குப் பெட்டியும் அடுக்கிப் படி கட்டிய பல வீடுகளில் இன்று மடக்கு இரும்புப் படிகள் வந்துவிட்டன. பொம்மையின் அடியில் ஒட்டிய காந்தம் வேட்டித் துணியைத் தாண்டியும் இரும்பைப் பிடிக்கும். அலுமினியப் படியில் பிடிக்காது. எவர்சில்வராக இருந்தால் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கோட்டை வாசலைத் தாண்டினால் சாலைக் கடைத்தெரு. வாஷர், காந்தம், எம்-சீல் எல்லாவற்றுக்கும் அங்கே கடைகள் உண்டு. காகிதக்கூழ் பொம்மைக்குள் போடும் மணல் நன்றாகக் காய்ந்ததாக, பிளாஸ்டிக் பையில் கட்டியதாக இருக்க வேண்டும். ஈர மணல் பொம்மையையே ஊறவைத்துவிடும். பரம்பரை மண் பொம்மையில் துளையிடவோ பசை தடவவோ கூடாது. தனிப் பலகையில் நிறுத்தி, பீடத்தைச் சுற்றி நாலு சிறு கட்டைகளை அடித்துவிட்டால் போதும்.

இத்தனையும் செய்துவிட்டுத் துணியைத் தளர விட்டால் பலனில்லை. படியில் விரித்த வேட்டியின் நுனி குழந்தையின் கையிலோ புடவைத் தலைப்பிலோ சிக்கினால், ஒரு பொம்மை அல்ல, வரிசையே இறங்கி வரும். துணியை இழுத்துக் கட்டி, ஓரங்களைப் படியின் அடியில் மடித்துக் குத்திவிட வேண்டும். மின்விசிறியின் காற்று நேராக மேல்படிக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இலேசான பொருளுக்குக் காற்று எதிரி. பங்குனித் திருவிழாவின்போது கோயிலின் கிழக்கு நடையில் மழைக்காக இந்திரனை வேண்டி நிறுத்தப்படும் பஞ்சபாண்டவர் உருவங்களைப் பார்த்தால் இது இன்னும் பெரிய அளவில் புரியும். பிரம்மாண்டமான பைபர்கிளாஸ் உருவங்கள். உயரமும் அகலமும் கூடக் கூட, காற்று தள்ளும் பரப்பும் கூடுகிறது. பீமனே ஆனாலும் பலம் அடியில்தான் இருக்க வேண்டும்.

விஜயதசமி இரவு ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம். அன்று வரை ஒன்றும் தானாகப் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.